இடது பக்கம் இழுத்த கார்

ஸ்டீயரிங் கையோடு வந்துவிட்டது.

திருமலைசாமி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தான். கழற்றியது அவன்தான். ஆனால் இத்தனை சுலபத்தில் வரும் என்று நினைக்கவில்லை. சுலபமாகக் கழன்று வருகிற சாமான் எதுவும் சுலபமாகத் திரும்ப மாட்ட வராது என்பது அவன் தொழிலில் கண்ட உண்மை.

கடையைக் கூட்டிக்கொண்டிருந்த பழனியாத்தாள் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"ஏனுங்க தம்பி, அது கழட்டற சாமானுங்களா?"

"கழட்டற சாமான்தானுங்க்கா."

"சாயங்காலத்துக்குள்ள மாட்டிப்போடுவீங்களா?"

மாட்டிவிடுவேன் என்று அவன் சொன்னான். அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், அரை மனதோடு மறுபடி கூட்டத் தொடங்கினாள்.

அது ரோட்டில் ஓடுகிற கார் இல்லை. காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் சுந்தரராஜுலு நடத்திய வீடியோ கேம் சென்டரில் நின்ற கார். சீட், ஸ்டீயரிங், கியர், இரண்டு பெடல் எல்லாம் உண்டு. எதிரே டிவி மாதிரி ஒரு திரை. அதில் மலை, கடல், வளைந்து வளைந்து போகிற ரோடு. மற்ற மெசின்களை எல்லாம் நின்றுகொண்டுதான் ஆட வேண்டும். உட்கார்ந்து ஆடுகிற மெசின் இது ஒன்றுதான். அதனால் காலேஜ் பையன்கள் இதற்கு மட்டும் வரிசையில் நிற்பார்கள்.

சுந்தரராஜுலுவின் குடும்பத் தொழில் பம்ப் செட். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை, கேம் சென்டருக்கு நேர் மேலே மாடியில் ஆபீஸ். கேம் சென்டர் மகன் அபிலாஷின் ஆசை. ஆசைப்பட்டு ஆரம்பித்துவிட்டு அவன் மேல்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான். அப்பா தலையில் கடை விழுந்தது. பம்ப் செட்டில் ஒரு போல்ட் சத்தம் மாறினாலே கண்டுபிடித்துவிடுகிறவர் சுந்தரராஜுலு. இந்தக் காருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரியாததனாலேயே அதன் மேல் அவருக்குச் சாமி மாதிரி ஒரு பயம்.

அந்தக் கார் கொஞ்ச நாளாக இடது பக்கம் இழுத்தது. ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தாலும் மெல்ல மெல்ல இடது ஓரம் ஒதுங்கி, கடைசியில் கடலோரச் சுவரில் போய் முட்டும். பையன்கள் முணுமுணுத்தார்கள். சுந்தரராஜுலு மெட்ராஸுக்குப் போன் போட்டார். அடுத்த வாரம் இன்ஜினியர் வருவார் என்றார்கள்.

"அதுவரைக்கும் ரிப்பேர்னு எழுதி மாட்டி வெச்சிரு திருமலைசாமி," என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் வம்பே இல்லை. படியேறப் போனவர் திரும்பி, "நீ கையை வெச்சுப்போடாதே," என்றார்.

அந்த வார்த்தை திருமலைசாமிக்குச் சுருக்கென்று தைத்தது. கருமத்தம்பட்டியில் சொந்தமாக டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தவன் அவன். விசைத்தறிக்காரர்கள் வீட்டு டிவியெல்லாம் அவன் கைபட்டுத்தான் படம் காட்டின. கலர் டிவி வந்தது. ரிப்பேர் என்றால் ஜனங்கள் கம்பெனிக்கே போன் போட ஆரம்பித்தார்கள். கடையை மூடிவிட்டு இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் மனைவி வெங்கடலட்சுமி, வீட்டுக்காரருக்கு ஏசி ரூமில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஏசி ரூமில் அவனைக் கையை வைக்காதே என்று சொல்லிவிட்டார்கள் என்பதை அவளிடம் சொல்ல முடியுமா?

அதனால் கையை வைத்தான்.

கோளாறு என்னவென்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ரேடியோவில் இருப்பது போலவே ஒரு வால்யூம் கண்ட்ரோல் இருந்தது. ஸ்டீயரிங் திரும்பினால் அது திரும்பும், அது திரும்பினால் திரையில் கார் திரும்பும். ஆடி ஆடி அது தேய்ந்துவிட்டது. வேறொன்று மாற்றினால் தீர்ந்தது.

உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த அமீர் ஹம்சாவிடம் போனான். அந்தக் கடையில் லாரி ஹாரனிலிருந்து பல் டாக்டர் நாற்காலி வரைக்கும் எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கும். அமீர் ஹம்சா குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஏதோ ஒரு கேம் மெசினிலிருந்து கழற்றின வால்யூமை எடுத்து, ஊதித் துடைத்து நீட்டினார். வேலை செய்யுமா என்று திருமலைசாமி கேட்டான். செய்யும் என்பதற்குத் தான் பொறுப்பு, எப்படிச் செய்யும் என்பதற்கு ஆண்டவன்தான் பொறுப்பு என்றார் அவர்.

கொண்டுவந்து பார்த்தால் ஓட்டை பெரிசு, வால்யூம் சிறிசு. ஆடியது. எம்-சீல் பசையைப் பிசைந்து சுற்றிலும் அடைத்தான். ஆடுகிற ஆட்டத்தில் ஒயர் விட்டுவிடக்கூடாதே என்று ஒயர் பற்றவைத்த கால்களையும் சேர்த்து மூடினான். கல் மாதிரி இறுகும் வரை காத்திருந்து, ஸ்டீயரிங்கை மாட்டி, சுவிட்சைப் போட்டான்.

ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினான். கார் வலது பக்கம் போனது.

தான்தான் தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று நினைத்து, எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு வலது பக்கம் திருப்பினான். கார் இடது பக்கம் போய்ச் சுவரில் முட்டியது.

ஒயரின் இரண்டு முனையும் மாறிவிட்டது, அவ்வளவுதான். மாற்றிப் பற்றவைத்தால் போதும். ஆனால் முனைகள் கல்லுக்குள் இருந்தன. ஸ்குரூ டிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். வால்யூமுக்குள் ஏதோ 'டிக்' என்றது. கையை எடுத்துவிட்டான்.

மறுநாள் வேறு வழி தோன்றியது. முனையில்தானே மாற்ற முடியாது, ஒயரை நடுவில் வெட்டிக் குறுக்கே மாற்றி இணைத்தால் ஆயிற்று. சீட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒயர்க் கட்டைப் பிரித்தான். அத்தனை ஒயரும் ஒரே சாம்பல் நிறம். இதைச் செய்த புண்ணியவானுக்கு வேறு நிறமே கிடைக்கவில்லை போலும். தடவித் தடவி இரண்டைக் கண்டுபிடித்து, வெட்டி, மாற்றி முறுக்கி, டேப் சுற்றினான்.

சுவிட்சைப் போட்டான். இடது பக்கம் திருப்பினால் கார் இன்னும் வலது பக்கம்தான் போனது. சலிப்போடு பிரேக்கை மிதித்தான். கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. பதறிப்போய்க் காலை மாற்றி ஆக்சிலேட்டரை மிதித்தான். கார் சாதுவாக நின்றது.

அவன் வெட்டினது ஸ்டீயரிங் ஒயர் இல்லை, பெடல் ஒயர்.

மறுபடி மாற்றலாம் என்று பார்த்தால், ஒட்டுப் போட்ட இடம் ஒரு இரும்புக் குழாய்க்குள் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்தால் வரும். ஆனால் அதோடு எல்லாமே வரும். அடுத்த வாரம் மெட்ராஸ் இன்ஜினியர் வந்து மூடியைத் திறந்து பார்ப்பார். பார்த்துவிட்டு முதலாளியைப் பார்ப்பார். முதலாளி யாரைப் பார்ப்பார் என்று யோசித்ததும் ஏசியிலேயே அவனுக்கு முதுகு வேர்த்தது.

அடுத்த நாள் காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அவனுக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. ஒயரும் பெடலும் அவன் தொழில் இல்லை, டிவி படக்குழாய்தான் அவன் தொழில். குழாயின் கழுத்தில் செம்புக் கம்பி சுற்றின 'காயில்' ஒன்று இருக்கும். அதில் ஒரு ஜோடி ஒயரை மாற்றினால் படமே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகிவிடும். படமே மாறிவிட்டால் ஸ்டீயரிங் தானாகச் சரியாகிவிடாதா? எழுத்தெல்லாம் திருப்பித் தெரியும். தெரியட்டும், அங்கே யார் படிக்க வருகிறார்கள்? பெடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெட்ராஸ் இன்ஜினியருக்கு இந்தப் புத்தி ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

காயிலில் இருந்தது இரண்டு ஜோடி. அவன் ஒன்றை மாற்றினான்.

திரையில் வானம் கீழே வந்தது. ரோடு மேலே போனது. கார் ரோட்டைப் பிடித்துக்கொண்டு வௌவால் மாதிரி தலைகீழாகத் தொங்கியது.

திரும்ப மாற்றுவதற்காகச் சூட்டுக்கோலை வைத்தான். பழைய காயில் அல்லவா, ஒயர் பற்றவைக்கிற தகடு சூட்டில் இளகித் தலையைச் சாய்த்தது. இன்னொரு தரம் சூடு காட்டினால் விழுந்துவிடும். விழுந்தால் படமே இருக்காது. தலைகீழ்ப் படமாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

டீ கொண்டுவந்த பழனியாத்தாள் திரையைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள்.

"தம்பி, இது இப்படித்தான் இருக்கோணுமுங்களா?"

அவன் சுவிட்சை அணைத்தான். அவள் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, மாடிப்படிப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஆனால் ஐயா காதுக்குப் போகக்கூடாது என்றாள்.

விஷயம் இதுதான். சுந்தரராஜுலுவின் மனைவி ராமாமணிக்குக் கார் ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வீட்டில் மாருதி இருந்தது, டிரைவர் இருந்தார். டிரைவர் லீவு போட்டால் அன்றைக்குக் காருக்கும் லீவு. தான் ஓட்டுகிறேன் என்று அம்மா கேட்டபோதெல்லாம், வீணை வாசிக்கிற கைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஐயா சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்பு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் பஜனைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார். அங்கே கற்றுக்கொடுக்கிறவர் தன் பக்கத்துப் பெடலை மிதித்துத் தானே எல்லாவற்றையும் செய்துவிடுகிறார், கை படியவில்லை. அதனால் காலையில் ஐயா பூஜை போட்டு ஆபீஸ் திறக்க வரும்போது அம்மாவும் கூடவே வருவார். கடை கூட்டுகிறதைப் பார்க்கிறேன் என்று கீழே இறங்கி, திருமலைசாமி வருவதற்கு முன்னால் இந்தக் காரில் உட்கார்ந்து பழகுவார். இப்படி ஒரு மாதமாக நடக்கிறது. நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

"இந்த வாரமும் பழகுனாங்களா?" என்றான் திருமலைசாமி.

"பின்ன? இன்னைக்குக் காலைல கூடத்தான்."

"ஒண்ணும் சொல்லலீங்களா?"

"முன்னெல்லாம் கை நடுங்கிட்டே இருக்குமுங்க. இந்த வாரம்தான் நல்லாப் படிஞ்சிருக்குதுன்னு சொன்னாங்க. இனிக் கண்ணை மூடிக்கிட்டே ஓட்டிப்போடுவேங்கறாங்க."

திருமலைசாமி டீயைக் குடிக்காமலேயே கீழே வைத்தான்.

இந்த வாரம்தான் அவன் எல்லாவற்றையும் மாற்றினான். இந்த வாரம்தான் அம்மாவுக்குக் கை படிந்திருக்கிறது. எதில் படிந்திருக்கிறது? இடதுக்கு வலது, பிரேக்குக்கு ஆக்சிலேட்டர். படிந்த கை புத்தியைக் கேட்டுக்கொண்டு நிற்காது என்பது அவனுக்குத் தெரியும். அவன் கையும் அப்படித்தான், பேசிக்கொண்டே ஒயரைப் பற்றவைக்கும். அவிநாசி ரோட்டில் எதிரே பஸ் வருகிறது, அம்மா பிரேக் என்று நினைத்து மிதிக்கிறார். அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான். மத்தியானம் ராமாமணி மாடியிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே சுந்தரராஜுலுவும் வந்தார். திருமலைசாமி படிக்குக் கீழே போய் நின்றான். சொல்லாமலும் இருக்க முடியாது, அவர் எதிரில் சொல்லவும் முடியாது.

"அம்மா," என்றான். "இடதுங்கறது வலதுங்க."

ராமாமணி ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. இவனுக்கும் ரகசியம் தெரிந்திருக்கிறது, சூசகமாக வாழ்த்துகிறான் என்று எடுத்துக்கொண்டார்.

"சரிப்பா," என்றார் மெதுவாக. "வலது காலையே வெச்சு ஆரம்பிக்கறேன்."

சொல்லிவிட்டுப் போய் வெளியே நின்ற மாருதியில் ஏறிவிட்டார். சுந்தரராஜுலு நின்றார். என்னப்பா அது இடது வலது என்று கேட்டார். திருமலைசாமி வாயில் வந்தது வாஸ்து என்ற வார்த்தை. அவருக்கு வாஸ்துவில் நம்பிக்கை அதிகம் என்பது அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்தக் கார் வந்த நாளிலிருந்தே தனக்கும் மனசில் ஒரு உறுத்தல்தான், அது தெற்குப் பார்த்து நிற்கிறது என்றார் அவர். வடக்குப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். மத்தியானம் முழுக்க அவன் அந்தக் காரை ஒற்றை ஆளாகத் தள்ளித் திருப்பினான். திருப்பி முடிக்கும்போது கியர் கம்பியும் கையோடு வந்தது. அதைப் பேசாமல் சீட்டின் மேல் வைத்தான்.

சாயங்காலம் எதிர்த்த மருந்துக்கடையிலிருந்து முதலாளி வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுப்பார் என்று வேண்டிக்கொண்டே போட்டான்.

"ஹலோ," என்றார் சுந்தரராஜுலு.

"ராங் நம்பருங்க," என்றான்.

"ஏனப்பா, திருமலைசாமிதானே?"

"ஆமாங்க. காரு வடக்குப் பார்த்துருச்சுங்க. அதைச் சொல்லத்தான் போட்டேனுங்க."

அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. வெங்கடலட்சுமி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த ஏசி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் கொஞ்சம் குறைத்து வைக்கச் சொல்லக்கூடாதா என்றாள்.

மறுநாள் விடிந்ததும் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் மச்சினனின் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா டெஸ்டுக்குப் போவதற்கு முன்னால் கடைக்கு வருவார், பிடித்துவிடலாம் என்று கணக்கு. கடை பூட்டியிருந்தது. பழனியாத்தாளைக் காணோம். மாடியில் சுந்தரராஜுலு மட்டும் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். அம்மா எங்கே என்று கேட்டான். பழனியாத்தாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு காரில் மருதமலைக் கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார்.

மருதமலை இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

இரண்டு படி இறங்கினான். டெஸ்டு நடக்கிற மைதானத்துக்கு ஓடி அம்மாவைத் தடுக்கலாம். ஆனால் தான் சொன்னால் அம்மா கேட்பாரா? நேற்றும்தான் சொன்னான். திரும்பவும் இரண்டு படி ஏறினான். வேலை போனால் போகிறது. கருமத்தம்பட்டியில் மறுபடி கடை போட்டால் ரேடியோவாவது ரிப்பேருக்கு வராமலா போகும்? ஒரு உயிர் போனால் எந்த உக்கடத்தில் போய்த் தேடுவது?

கைகட்டி நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

சுந்தரராஜுலு கையில் பூவோடு கேட்டுக்கொண்டிருந்தார். பெண்டாட்டி தனக்குத் தெரியாமல் கார் பழகுகிறாள் என்பதற்குக் கோபப்படுவதா, இவன் மெசினைத் திறந்தான் என்பதற்குக் கோபப்படுவதா என்று அவருக்குப் புலப்படவில்லை. கடைசியில் கோபத்துக்கே நேரமில்லை என்பது மட்டும் புரிந்தது.

"பிரேக்கை மிதிச்சா?"

"வேகம் புடிக்குமுங்க."

"ஸ்டீயரிங்கு?"

"நேர் எதிருங்க."

"வேற?"

"படம் தலைகீழுங்க. ஆனா ரோட்டுல அந்தத் தொந்தரவு வராதுங்க."

பூவை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு அவர் இறங்கினார். கார் வீட்டுக்காரியோடு போய்விட்டது, ஆட்டோ ஒன்றும் கண்ணில் படவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். நூறடி ரோட்டில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் கும்பிட்டார்கள். ஐயா கும்பிடக் கையை எடுத்தால் விழுந்துவிடுவார், அதனால் தலையை மட்டும் ஆட்டினார். சீக்கிரம் போ என்றார். சீக்கிரம் போனதும், மெதுவாகப் போ, நாம் முதலில் போய்ச் சேர வேண்டாமா என்றார்.

மைதானத்தில் டெஸ்டு ஆரம்பித்திருந்தது. சிவப்பு 'எல்' எழுதின டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. பச்சைப் பட்டுப்புடவையில் ராமாமணி ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டெஸ்டு பார்க்கிற பிரேக் இன்ஸ்பெக்டர். ஓரத்து வேப்ப மரத்தடியில் மாருதி நின்றது. அதன் டிரைவர், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனியாத்தாள் அர்ச்சனைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கார் நகர்ந்தது. எட்டுப் போடுவதற்காகக் கல் வைத்து வரைந்திருந்த கோலத்துக்குள் நுழைந்தது.

திருமலைசாமி வண்டியை விட்டுக் குதித்தான். வண்டி சாய்ந்தது, பின்னால் இருந்த சுந்தரராஜுலு காலை ஊன்றி அதைப் பிடித்துக்கொண்டார். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே ஓடினான். நிறுத்துங்க என்று கத்த நினைத்தான். அதற்குள் கார் வளைந்து அவன் பக்கமே திரும்பியது. ஒதுங்கலாம் என்று பார்த்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது? அம்மா இடது என்று நினைத்தால் வலது போவார், வலது என்று நினைத்தால் இடது. இதை யோசித்துக்கொண்டே அவன் நடுவிலேயே நின்றுவிட்டான்.

கார் நின்றது. பம்பர் அவன் வேட்டி நுனியை மட்டும் தொட்டது. முழங்காலைத் தொடவில்லை. இஞ்சின்கூட அணையவில்லை, சீராக உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றான் திருமலைசாமி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பிரேக்கை மிதிச்சுப்போட்டீங்களே."

ராமாமணி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "குறுக்க வந்து உழுந்தா மிதிக்காம என்னப்பா பண்றது?"

இன்ஸ்பெக்டர் கீழே இறங்கி அவனைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். யார், என்ன என்று விசாரித்துத் திட்டினார். திட்டி முடித்ததும் காருக்குப் பக்கத்தில் போய், திடீரென்று குறுக்கே ஆள் வந்தால் பாதிப் பேர் ஹாரனை அமுக்குவார்கள், மீதிப் பேர் கண்ணை மூடுவார்கள், இப்படி கிளட்சும் பிரேக்கும் சேர்த்து மிதித்து நிறுத்தினவர்களைப் பார்ப்பது அபூர்வம், இதற்கு மேல் எட்டே வேண்டியதில்லை, பாஸ் என்றார்.

"இல்லீங்க சார்," என்றார் ராமாமணி. "எட்டைப் போட்டுப்போடறேன்."

அப்போதுதான் அவர் மைதானத்தின் ஓரத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற புருஷனைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டு, கியரைப் போட்டார். கார் நிதானமாக முன்னால் போனது, வளைந்தது, நடுவில் குறுக்கே கடந்தது, மறுபக்கம் வளைந்தது. ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை. சுந்தரராஜுலு வண்டியை விடவும் தோன்றாமல் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறங்கி வந்து ராமாமணி அவர் எதிரே நின்றார்.

"மருதமலைல கூட்டமா?" என்றார் சுந்தரராஜுலு.

"இல்லீங்க. நல்ல தரிசனம்."

சுந்தரராஜுலு டிரைவரைக் கூப்பிட்டு மாருதியின் சாவியை வாங்கினார். அதை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மனைவியிடம் நீட்டினார். வீட்டுக்கு நீயே ஓட்டு என்றார். ராமாமணி சாவியை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார். மனசு மாறுவதற்குள் ஏறிவிட வேண்டும் என்பது போல இருந்தது அந்த நடை.

பிறகு சுந்தரராஜுலு திருமலைசாமியிடம் வந்தார். அவன் கையைக் கட்டித் தலையைக் குனிந்தான். கணக்கை முடித்து அனுப்பிவிடுவார், வீட்டில் போய் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லிவிடலாம் என்று தேற்றிக்கொண்டான்.

சுந்தரராஜுலு யோசித்து யோசித்துப் பேசினார். தலைகீழாக இருக்கிற மெசினில் பழகினவள் இத்தனை நேராக ஓட்டுகிறாள் என்றால், அந்த மெசினை எதற்கு நேராக்க வேண்டும்? கனத்த கல்லைத் தூக்கிப் பழகினவனுக்கு வெறும் செங்கல் பஞ்சு மாதிரிதானே? மெட்ராஸ் இன்ஜினியரை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவதாகவும், கார் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும் என்றும், டிரைவிங் பழகுகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு போர்டு எழுதி மாட்டலாம் என்றும் சொன்னார்.

"இதையெல்லாம் யோசிச்சுத்தான் மாத்துனியாப்பா?"

திருமலைசாமி தலையை நிமிர்த்தினான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. ஒரு மாதமாகப் படியாத கை ஒரே வாரத்தில் படிந்ததென்றால் சும்மாவா? வால்யூமை மாற்றியது யார், பெடலை மாற்றியது யார்?

"ஏதோ, நம்ம அனுபவத்துல தோணுச்சுங்க," என்றான்.

அவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மாருதிப் பக்கம் போனார். முன் கதவைத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவிக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். திருமலைசாமி அதைப் பார்த்துக்கொண்டே, வெங்கடலட்சுமியிடம் இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தான்.

பழனியாத்தாள் கூடையோடு பக்கத்தில் வந்து நின்றாள். மாருதி கிளம்பிப் போகும் வரை பொறுத்திருந்தாள்.

"தம்பி, ஐயா சொல்றாருன்னு உட்டுப்போடாதீங்க, அந்தப் படத்தைய நேராக்கிப்போடுங்க," என்றாள். "சுச்சுப் போட்டா சத்தம் மேல ஐயாவுக்குக் கேட்டுருமுன்னு அம்மா ஒரு நாளும் அந்த மெசினைப் போட்டதே இல்லீங்க. நாந்தானுங்க தெனமும் வெளக்கமாத்தைப் புடிச்சுக்கிட்டு முன்னால லாரியாட்டம் வந்துட்டு இருந்தேன்."